காயப்பட்ட பிராந்தும் கடகத்துக் கூகையும்: வாசகர் கேள்வி பதில்

தைப்பொங்கலையொட்டிப் பட்டங்கள் ஏறும் நாள்களில் ஆண்டுதோறும் இந்தப் பகுதிக்குப் பறவைக் கடிதங்கள் வந்து சேரும். இம்முறை இரைகௌவிப் பறவைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பருந்து என்று எழுதினாலும் நம் வாயில் அது பிராந்துதான். ஆகவே இரண்டு சொல்லும் கலந்தே வரும்.

கேள்வி: பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வளவுப் பனையில் ஒரு செம்பிராந்து பட்டநூலில் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. மரமேறுபவர் ஒருவரைக் கொண்டு இறக்கி, நூலை இழுத்தெடுத்து, காயத்துக்கு மஞ்சள் பூசிக் கோழிக்கூட்டில் விட்டோம். பாலில் பாணைக் கரைத்துப் பருக்கினோம். அயலிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். விடியும்போது செத்துக் கிடந்தது. எதில் பிழை விட்டோம்?
– வாசகர் ஒருவர், வல்வெட்டித்துறை

பதில்: மரத்திலிருந்து இறக்கியதில் ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகு செய்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே பறவைக்கு எதிராகப் போய்விட்டன. உங்கள் மனம் நோகும் என்று அதை மறைப்பதில் பயனில்லை. இவை நம் ஊரில் நல்ல மனமுள்ள எவரும் செய்யக்கூடிய காரியங்களே.

தலைகீழாகத் தொங்கிய பறவை தரைக்கு வரும்போதே அதிர்ச்சியில் இருக்கிறது. அதன் கண்ணுக்கு நாம் காப்பாற்ற வந்தவர்கள் அல்லர், தின்ன வந்த பெரிய விலங்குகள். கம்பி வலைக்கு அப்பால் பத்து முகங்கள் தெரியத் தெரிய, மிச்சமிருந்த பலமும் பயத்திலேயே கரைந்துவிடும். அசையாமல் நின்றதைக் கண்டு, ‘பாவம், சாதுவாக நிற்கிறது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சாதுவான காட்டுப் பிராந்து என்று ஒன்று இல்லை. அப்படித் தோன்றினால் அது மிகவும் மோசமான நிலையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பால் பறவைக்கு உணவே அல்ல; பாலிலுள்ள வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் நொதியம் அதன் குடலில் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, பருக்கியது. பறவையின் மூச்சுக்குழாய் நாக்கின் அடிப்பக்கத்தில் திறந்திருக்கிறது. அலகைப் பிரித்து நாம் ஊற்றும் திரவத்தில் ஒரு பங்கு நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரைகௌவிகள் தமக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை இரையின் உடலிலிருந்தே பெறுகின்றன. ஓரிரவு தண்ணீர் இல்லாமல் அவற்றால் இருக்க முடியும், நுரையீரலில் தண்ணீரோடு இருக்க முடியாது.

நூலை இழுத்தெடுத்தது இன்னொரு பிழை. பிராந்தின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சிறகின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய தோல்மடிப்பு உண்டு. காற்றைத் தாங்குவதற்குச் சிறகை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநாண் அந்த விளிம்பில்தான் ஓடுகிறது. நைலோன் நூலோ தங்கூசியோ முதலில் அறுப்பதும் அந்த இடத்தையே. இறகை விலக்கிப் பார்க்கும்வரை வெளியே ஒரு துளி இரத்தந்தான் தெரியும். நூலைக் கத்தரிக்கோலால் இரு பக்கமும் வெட்டி, தோலில் புதைந்த துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். அதை எடுப்பது மிருக வைத்தியரின் வேலை.

இனி ஒரு முறை இப்படி நேர்ந்தால், தடித்த துவாயொன்றைப் பின்புறமாக வந்து பறவையின் மேல், தலையும் மூடும்படி போடுங்கள். இருட்டியதும் அது பாதி அடங்கிவிடும். பிறகு துவாயோடு சேர்த்துச் சிறகுகளை உடலோடு அணைத்து, இரண்டு கால்களையும் தொடைக்கு அருகில் பிடிக்க வேண்டும். அலகுக்குப் பயப்பட வேண்டாம், காலுக்குப் பயப்படுங்கள். ஒரு கரும்பிராந்து என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையில் நகத்தை ஏற்றியபோது, நான் இழுக்க இழுக்க அது இறுக்கிக்கொண்டே போனது. கூட நின்ற ஒருவர் அதன் காலை நேராக நீட்டிப் பிடித்த பின்னரே விரல்கள் தளர்ந்தன. பிராந்தின் கால் மடங்கியிருக்கும்வரை தசைநாண்கள் விரல்களைப் பூட்டி வைத்திருக்கும். கவனிக்க வேண்டிய மற்றொன்று: பறவைக்கு நம்மைப்போல் மூச்சுவிட உதவும் பிரிமென்றகடு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய்வரும். பயத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், காயத்தால் சாகாத பறவை உங்கள் கையிலேயே மூச்சடைத்துச் செத்துவிடும்.

பிடித்ததும், அது நிமிர்ந்து நிற்கக்கூடிய அளவான காட்போட் பெட்டியில் நாலைந்து காற்றுத் துளைகள் இட்டு, அடியில் பழைய துணி விரித்து, உள்ளே விட்டு மூடுங்கள். கம்பிக் கூடு வேண்டாம். வாலிறகும் சிறகிறகும் கம்பியில் அடித்து முறியும். வைக்கோலும் வேண்டாம், பூஞ்சணம் பிடித்த வைக்கோலிலிருந்து எழும் பங்கசு வித்திகள் களைத்த பறவையின் காற்றுப்பைகளில் குடியேறினால் மீட்பது மிகக் கடினம். பெட்டியை வெயில் படாத, நாயும் வானொலியும் இல்லாத அறையில் வைத்துவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இடையில் ‘உயிரோடு இருக்கிறதா’ என்று திறந்து பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். திறக்காதீர்கள். ஓட்டோவில் கொண்டுபோக நேர்ந்தால், முதலில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் பட்டம் ஏற்றுவதையே விட்டுவிடச் சொல்கிறீர்களா?
– மாணவர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: இல்லை. நானும் கொக்குப் பட்டமும் பிராந்துப் பட்டமும் கட்டித் திரிந்தவன்தான். இரவில் பட்டத்தில் கட்டிய விண் கூவுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவன். மரத்தில் சிக்கிய பருத்தி நூல் மழையிலும் வெயிலிலும் இற்றுப்போகும், நைலோன் நூல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. பறவைகள் அடையும் நேரத்துக்கு முன் பட்டத்தை இறக்குங்கள். அறுந்த நூல் எந்தப் பனையில், எந்த மின்கம்பத்தடியில் தொங்குகிறது என்று நீங்கள்தான் அறிவீர்கள். எட்டுகிற நூலைச் சுருட்டி எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். மின்கம்பியில் சிக்கியதைத் தொடவேண்டாம்.

கேள்வி: பழைய மொட்டைப் பனையொன்றைத் தறித்தபோது பொந்திலிருந்து வெள்ளைத் தூவியோடு மூன்று ஆந்தைக் குஞ்சுகள் விழுந்தன. மூன்றும் மூன்று அளவில் இருக்கின்றன. கடகமொன்றில் வைத்து வளர்க்கிறோம். சிறியது என்னைக் கண்டால் சத்தமிட்டு ஓடிவருகிறது. மனிதக் கை பட்டதால் தாய் இனி ஏற்காது என்கிறார்கள், உண்மையா?
– வாசகி ஒருவர், கைதடி

பதில்: நீங்கள் சொல்லும் பனைப் பொந்தையும் வெள்ளைத் தூவியையும் கொண்டு பார்த்தால் அவை கூகைக் குஞ்சுகள். மூன்றும் ஒரே தாயின் குஞ்சுகளே. கூகை முதல் முட்டையிட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். முட்டைகளோ இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வருகின்றன. ஆகவே மூத்ததற்கும் இளையதற்கும் பல நாள் வயது வேறுபாடு இருக்கலாம். இரை குறைந்த காலத்தில் மூத்தது உண்டு இளையது பட்டினியால் சாவதும் உண்டு. அது இயற்கையின் கணக்கு, நாம் அதில் தலையிடத் தேவையில்லை.

கை பட்டால் தாய் ஏற்காது என்பது உண்மையல்ல. பெற்ற பறவை நம் கையின் மணத்துக்காகத் தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. குஞ்சின் குரல் கேட்டால் வரும். ஆனால் கூகை தரையில் கிடக்கும் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பது அரிது. எனவே குஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், விழுந்த இடத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் அந்தக் கடகமே கூடாகப் பயன்படும். மழைநீர் தேங்காதபடி அடியில் நாலு துளையிட்டு, காய்ந்த பன்னாடையை விரித்து, தறித்த பனைக்கு மிகக் கிட்டவுள்ள மரத்தில், பூனையும் மரநாயும் எளிதில் எட்டாத உயரத்தில், மேலே ஓலையால் நிழல் கட்டி இறுக்கிக் கட்டுங்கள். நிரந்தரமாக வைப்பதானால் பலகைப் பெட்டி இன்னும் நல்லது. அந்தி சாயும்போது குஞ்சுகளை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் விளக்கை அணைத்துவிடுங்கள். பசித்த குஞ்சுகள் சீறுவதுபோல் ஓசையெழுப்பும். பெற்றோர் அயலில் இருந்தால் அன்றிரவோ மறுநாளிரவோ வந்து சேரும். இரண்டு இரவுகளிலும் வரவில்லை என்று தூரத்தில் இருந்து கவனித்து உறுதியாகத் தெரிந்த பின்னரே அவற்றை அநாதைகள் என்று கொள்ள வேண்டும்.

சிறியது உங்களைக் கண்டு ஓடிவருவதுதான் எனக்குக் கவலை தருகிறது. கண் திறந்து உலகைப் பார்க்கத் தொடங்கும் நாள்களில் இரை ஊட்டுவது யாரோ, அந்த உருவத்தையே குஞ்சு தன் இனம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். அப்படி மனிதரைப் பதித்துக்கொண்ட கூகை வளர்ந்த பின் மனிதர்மேல் வந்து அமரும், இனச்சேர்க்கைக் காலத்தில் மனிதரைத் துரத்தும், தன் இனத்தோடு சேரத் தெரியாமல் போகும். இந்தப் பதிவைப் பின்னர் அழித்தெடுப்பது பெரும்பாலும் நடவாத காரியம். ஆகையால் இந்த இதழ் கைக்கு வந்த மாலையே கடகத்தை மரத்தில் ஏற்றிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் திணைக்களத்திடம் ஒப்படைக்கும்வரை மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள்; ஊட்டும்போது முகத்தையும் கையையும் துணியால் மறையுங்கள்; பேசாதீர்கள், பெயர் வைக்காதீர்கள்.

மொட்டைப் பனையைப் பற்றி ஒரு சொல். யுத்தத்தில் ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகள் நம் மண்ணில் எத்தனையோ நின்றன. அவற்றின் பொந்துகளில் கிளிகளும் கூகைகளும் குடிவந்ததை நான் கண்டிருக்கிறேன். விறகுக்காகவோ வேலிக்காகவோ தறிப்பதற்கு முன் மரத்தின் அடியைத் தடியால் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக் கூரையில் கூகை அலறினால் சாவு விழும் என்பார்களே?
– வாசகர், சுன்னாகம்

பதில்: விழும், எலிக்கு.

கேள்வி: நான் நாட்டுக்கோழி வளர்ப்பவன். ஒரு மாதத்தில் பதினொரு குஞ்சுகளைப் பிராந்து தூக்கிவிட்டது. நீங்களோ அதைக் காப்பாற்றச் சொல்லி எழுதுகிறீர்கள். என் மகன் கெற்றப்போலால் ஒன்றை அடித்து வீழ்த்தினான். அதில் என்ன பிழை?
– வாசகர் ஒருவர், புத்தூர்

பதில்: பதினொரு குஞ்சு என்பது சிறிய இழப்பன்று, உங்கள் கோபத்தை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் வீழ்ந்தது குற்றவாளிதானா என்று கேட்கிறேன். வளவுக்குள் தாழ்வாக வந்து, வேலியோரமாகச் சட்டென்று குஞ்சைக் கவ்விக்கொண்டு மரங்களுக்கிடையே மறைவது பெரும்பாலும் வல்லூறு. அது ஏறக்குறையப் புறா அளவே இருக்கும், ஓணானும் சிறு பறவைகளுமே அதன் வழக்கமான உணவு. உயரத்தில் வட்டமிட்டுத் திரிந்து, கண்ணில் படுவதால் பழியைச் சுமப்பது பிராந்து. அதுவும் குஞ்சைத் தூக்கும், மறுக்கவில்லை. எனினும் பாசையூரிலும் குருநகரிலும் மீன் கழிவுக்காகக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் அதன் பிழைப்பு எங்கே நடக்கிறது என்று விளங்கும். நல்லூர்த் தேரன்று மேலே வட்டமிடும்போது கருடன் என்று கைகூப்புவதும், மறுநாள் கோழிக்கூட்டுக்கு மேலே வட்டமிடும்போது கல்லெடுப்பதும் ஒரே செம்பிராந்துக்குத்தான்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இவை பாதுகாக்கப்பட்ட பறவைகள். கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் குற்றம். ஒன்றைக் கொன்றாலும் உங்களுக்கு ஆதாயம் இல்லை. அதன் வேட்டையிடம் வெறுமையானதும் இன்னொன்று வந்துவிடும். குஞ்சுகளை முதல் ஆறு வாரம் மேலே வலை போட்ட அடைப்புக்குள் வைத்து, பின் செடிகளும் தாழ்ந்த கிடுகுப் பந்தலும் உள்ள இடத்தில் மேயவிடுங்கள். வெட்டவெளியில் மேயும் குஞ்சுதான் போகிறது. மகன் அடித்த பறவை இன்னும் உயிரோடிருந்தால் மேலே வல்வெட்டித்துறை வாசகருக்குச் சொன்னபடி செய்யுங்கள்.

கேள்வி: நெல் வயலில் எலிமருந்து வைத்தோம். ஐந்தாறு நாள் கழித்து வரம்பில் ஒரு கூகை செத்துக் கிடந்தது, இன்னொன்று பறக்க முடியாமல் இருந்தது. மேலில் காயமே இல்லை. மருந்தைப் பறவை தின்றிருக்குமா?
– வாசகர் ஒருவர், மிருசுவில்

பதில்: மருந்தைத் தின்றது எலி, எலியைத் தின்றது கூகை. நம் கடைகளில் கிடைக்கும் எலிமருந்துகளில் பல, இரத்தம் உறைவதற்கு வேண்டிய விற்றமின் கே உடலில் மீண்டும் பயன்படாதபடி தடுப்பவை. அவற்றைத் தின்ற எலி அன்றே சாவதில்லை. சில நாள்கள் உள்ளே இரத்தம் கசிந்து தளர்ந்து, பட்டப்பகலிலும் தடுமாறித் திரியும். கூகைக்கு அதைவிட எளிதான இரை கிடைக்குமா? இப்படி நான்கைந்து எலிகளை உண்டதும் கூகையின் ஈரலில் நஞ்சு சேர்ந்து, சிறு மோதலுக்கும் உள்ளே இரத்தம் பெருகிவிடும். வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருப்பதும், சிறு கீறலிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிவதும் இதன் அறிகுறிகள். மிருக வைத்தியர் விற்றமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். ஆனால் புதிய வகை மருந்துகள் ஈரலில் நெடுநாள் தங்குவதால் வாரக்கணக்கில் தொடர வேண்டும். வைத்தியரிடம் போகும்போது எலிமருந்துப் பெட்டியின் மட்டையையும் கொண்டுபோங்கள், அது பாதி நோயறிதலாகும். பூச்சிமருந்து நஞ்சானால் மருந்து வேறு. கால்விரல்கள் இறுக மடிந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

செத்த எலிகளை ஒவ்வொரு காலையும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். வயலில் ஆங்காங்கே ஆளுயரத்துக்கு மேற்பட்ட தடியில் குறுக்குக் கட்டை கட்டி நட்டால் கூகை வந்து அமர்ந்து வேட்டையாடும்; அப்படி அழைத்த பின் அதே வயலில் மருந்து வைக்கக் கூடாது.

கேள்வி: சிறகெலும்பு முறிந்த பிராந்தொன்றுக்கு மிருக வைத்தியர் கட்டுப் போட்டார். மூன்று வாரத்தில் எலும்பு பொருந்திவிட்டது என்று கட்டை அவிழ்த்தார். மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடலாமா?
– வாசகர் ஒருவர், சுண்டுக்குளி

பதில்: விடாதீர்கள். உங்கள் வைத்தியர் சொன்னது சரியே. பறவையின் எலும்பு நம்முடையதைவிட வேகமாக, இரண்டு மூன்று வாரத்தில் பொருந்திவிடும். இந்த வேகம் ஒரு வசதியும் ஒரு பொறியுமாகும். முறிந்த நாளிலிருந்து சில நாள்களுக்குள் நேராக்கிக் கட்டாவிட்டால் கோணலாகவே இறுகிவிடும். ஈர்க்குக் குச்சியும் துணியும் வைத்து வீட்டிலேயே கட்டுகிறவர்களிடம் நான் மன்றாடுவது இதனால்தான். கட்டு நீண்ட நாள் இருந்தாலோ மூட்டும் முன்விளிம்புத் தோலும் சுருங்கிச் சிறகு முழுதாக விரியாமல் போகும்.

எலும்பு பொருந்தியது தொடக்கம் மட்டுமே. மூன்று வாரம் அசையாமல் இருந்த நெஞ்சுத் தசை வற்றியிருக்கும். நெஞ்செலும்பின் நடுவிளிம்பைத் தடவிப் பாருங்கள்: இருபுறமும் சதை நிரம்பி விளிம்பு இலேசாகத் தட்டுப்பட்டால் நல்லது, கத்திமுனைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பறக்கப் பலம் இல்லை. இப்போது வேண்டியது நீளமான பறப்புக் கூடு. பக்கங்களுக்குக் கம்பி வலையல்லாமல் நிறுத்திக் கட்டிய பலகையோ மூங்கிலோ வேண்டும். இரு முனையிலும் வெவ்வேறு உயரத்தில் கட்டைகள் வைத்து, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுக்கு ஏறிப் பறக்கிறதா, எத்தனை முறை பறந்ததும் வாயைத் திறந்து மூச்சுவாங்குகிறது என்று நாள்தோறும் குறித்துக்கொள்ள வேண்டும். வல்லூறு பழக்குகிறவர்கள் காலில் மெல்லிய நீண்ட கயிறு கட்டித் திறந்தவெளியில் பறக்கவைப்பார்கள். கை பழகாதவர் அதைச் செய்தால் கயிறு இழுபட்டுக் கால் முறியும்.

அமரும் கட்டைக்கு வழவழப்பான குழாய் வேண்டாம். ஒரே இடத்தில் உடற்பாரம் அழுத்தினால் உள்ளங்காலில் கொப்புளமாகி, பற்றீரியா ஏறி, எலும்புவரை அழுகும். தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிய, தடிப்பில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட கட்டைகள் வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை உள்ளங்காலைப் பாருங்கள்.

இறகைப் பற்றி நம்மவர் அதிகம் நினைப்பதில்லை. முழுதாக வளர்ந்த இறகு நகத்தைப் போல உயிரற்றது. முறிந்தால் அடுத்த இறகுதிர்ப்பு வரை அது முறிந்தபடியே நிற்கும், அதற்கு மாதக்கணக்காகலாம். அதற்கொரு பழைய கைவேலை இருக்கிறது. அதே இனப் பறவை உதிர்த்த, அதே பக்கத்து, அதே இடத்து இறகை எடுத்து, முறிந்த இறகின் குழல்போன்ற தண்டுக்குள் மூங்கில் சிம்பொன்றைச் செருகிப் பசையிட்டு ஒட்டுவார்கள். நன்றாகச் செய்தால் எந்த இறகு ஒட்டியது என்று கிட்ட வைத்துப் பார்த்தாலும் தெரியாது. நான் முதன்முதல் ஒட்டிய இறகு தலைகீழாகப் போய்விட்டது. பறவை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக, அது வேட்டையாட வேண்டும். கையிலிருந்து இறைச்சி வாங்கப் பழகிய பறவை கூட்டுக்குள் தானாக இரை பிடித்து உண்கிறதா என்று பல நாள் பார்த்த பின்னரே விடுதலை. கண்ட இடத்தில், அங்கே ஆபத்து இல்லாவிட்டால், விடுவதே நல்லது. தன் குளமும் தன் மரமும் அதற்குத் தெரியும். பிராந்தை மழையில்லாத காலைப்பொழுதில், கூகையை அந்தியில் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதையும் விடாதீர்கள். குளிர்காலத்தில் வரும் வலசைப் பறவையானால் அதன் இனம் இங்கே நிற்கும் காலத்துக்குள் விட வேண்டும், தவறினால் அடுத்த பருவம் வரை வைத்திருக்க நேரும். இவற்றையெல்லாம் மொட்டை மாடியில் தனியாளாகச் செய்ய முடியாது. திணைக்களத்தின் பொறுப்பில் விடுங்கள்.

கேள்வி: மீட்ட வல்லூற்றுக் குஞ்சுக்கு இறைச்சிக்கடை மாட்டிறைச்சியைச் சிறிதாக வெட்டிக் கொடுக்கிறோம். நன்றாகத் தின்கிறது. போதுமா?
– வாசகி ஒருவர், மானிப்பாய்

பதில்: தின்னும், ஆனால் போதாது. நான் படித்து வெளியே வந்த புதிதில் ஒரு வல்லூற்றுக் குஞ்சை இப்படித்தான் வளர்த்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தது, ஐந்தாம் வாரத்தில் எழுந்து நிற்க முயன்றபோது இரண்டு கால்களும் வில்லாக வளைந்தன. தனி இறைச்சியில் கல்சியத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு பொசுபரசு இருக்கிறது. வளரும் எலும்பு அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்காது. எலும்பு, தோல், ஈரல் எல்லாம் சேர்ந்த முழு இரையே வேண்டும். நஞ்சு வைக்காத இடத்தில் பொறியில் பிடித்த எலியோ, பொரிப்பகத்தில் கழிக்கும் ஒருநாள் சேவல் குஞ்சோ பொருந்தும். நோயில் செத்த கோழி கூடாது. புறாவும் வேண்டாம், அதன் தொண்டையிலுள்ள ஓர் ஒட்டுண்ணி வல்லூற்றின் வாயில் மஞ்சள் படலமாகப் படர்ந்து விழுங்கவிடாமல் செய்யும்.

பட்டினி கிடந்து மெலிந்த பறவைக்கு மட்டும் எடுத்த எடுப்பில் முழு எலியைக் கொடுக்கக் கூடாது. வைத்தியர் முதலில் தோலின்கீழ் சேலைன் ஏற்றி, பிறகு மயிரும் எலும்பும் இல்லாத சிறு துண்டுகளில் தொடங்குவார். பட்டினியால் சாகாத பறவை முதல் விருந்தில் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மின்கம்பியில் அடிபட்ட கடற்கழுகொன்றை ஊர்காவற்றுறையில் மீட்டோம். முதல் நாலு நாள் நன்றாக நின்றது, உண்டது. பிறகு ஒரு சிறகு மணிக்கட்டிலிருந்து கறுத்து உலர்ந்தது. வைத்தியர் கருணைக்கொலை செய்தார். சிறகை வெட்டிவிட்டு நாங்கள் வளர்த்திருக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள்.
– வாசகி ஒருவர், ஊர்காவற்றுறை

பதில்: வைத்தியர் செய்தது சரி, அதைச் செய்வது அவருக்கும் எளிதாக இருந்திருக்காது. மின்சாரம் தாக்கிய பறவையில் முதல் நாள் கருகிய இறகுமணம் மட்டுமே இருக்கும்; உள்ளே இரத்தக்குழாய்கள் அடைபட்டதன் விளைவு நாலைந்து நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நீங்கள் கண்ட அந்த நாலு நல்ல நாள்களும் அப்படிப்பட்டவை.

கடற்கழுகு விரித்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலமுள்ள பறவை. ஒரு சிறகை மணிக்கட்டோடு இழந்தால் அது பறக்காது என்பது மட்டுமல்ல, கட்டையில் சமநிலையாக நிற்கவும் தாழ்வான இடத்துக்குத் தாவி இறங்கவும் முடியாமல் விழுந்து விழுந்து நெஞ்செலும்பைப் புண்ணாக்கிக்கொள்ளும், உள்ளங்காலும் அழுகும். மனிதரைக் காணும்தோறும் பயப்படும் காட்டு உயிரொன்றை அந்த நிலையில் ஆண்டுக்கணக்காகக் கோழிக்கூட்டுக்குள் வைத்திருப்பது யாருடைய ஆறுதலுக்காக? எல்லாக் குறையும் இப்படியல்ல. ஒரு கண்ணை இழந்த கூகை காதால் எலியைப் பிடிக்கும் என்பதால் சோதித்துப் பார்த்து விடலாம். கண்ணையே நம்பிப் பாயும் வல்லூறானால் நான் தயங்குவேன். மூட்டுக்கு மிக அருகில் முறிந்த சிறகு பெரும்பாலும் பயன்படாது. வீட்டில் அழுபவர்களிடம், பறவையை நீரிலிருந்தோ வீதியிலிருந்தோ எடுத்து வந்ததால் அது நாய்க்கும் எறும்புக்கும் இரையாகாமல் நோவின்றி முடிந்தது என்று சொல்லுங்கள்.

கேள்வி: விட்ட பறவை நன்றி மறவாமல் திரும்பி வருமா?
– மாணவி ஒருவர், அரியாலை

பதில்: வந்தால் எங்கள் வேலை பழுது என்று பொருள், மகளே. கையைக் கண்டு வரும் பறவை அடுத்துச் சந்திக்கும் கை எதுவென்று தெரியாது.

ஒரு முறை பட்டநூல் அறுத்த செம்பிராந்தொன்றை நான்கு மாதம் கழித்துப் பண்ணைக் கரையில் விட்டோம். பெட்டியின் பக்கத்தைத் திறந்துவிட்டு விலகி நின்றபோது அது உடனே பறக்கவில்லை. வாசலில் நின்று, காற்று வரும் பக்கம் தலையைத் திருப்பி, இரண்டு முறை உடலை உலுப்பியது. பிறகு எழுந்து நேரே களப்பின் மேல் போய், அங்கே நட்டிருந்த வலைத் தடியொன்றில் அமர்ந்தது. இரண்டு காகங்கள் துரத்தின. எழுந்து இன்னும் தூரத்துக்குப் போனது. மறுநாள் காலையில் தொலைநோக்கியோடு அதே இடத்துக்குப் போனேன். களப்பின் மேல் ஆறு செம்பிராந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அரை மணித்தியாலம் பார்த்தும் எது நம்முடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.